ஏறுவதினும் இறங்குவதே அரிது

சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே எல்லைக் காவலன்போல் நிற்கிறது மாட்டர்ஹார்ன் சிகரம். அதன் உயரம் 4478 மீட்டர். நான்கு முகங்களும் நான்கு முகடுகளும் கொண்ட கற்கூம்பு அது. வடகிழக்கே இறங்கும் ஹோர்ன்லி முகட்டின் வழியாகத்தான் 1865 ஜூலை 14-ஆம் நாள் மனிதர் முதன்முதலாக அதன் உச்சியை அடைந்தனர்.

முகட்டின் வழியே செல்வது ஏன்? சரிவுகளில் பனி இறுக்கிப் பிடித்திருக்கும் கற்கள் வெயில் ஏறியதும் பிடி தளர்ந்து உருண்டு வருகின்றன. முகட்டின்மேல் அந்த அபாயம் குறைவு. ஆனால் இருபுறமும் அதல பாதாளம்! ஆகவே ஏறுவோர் ஒரே கயிற்றால் தம்மைப் பிணைத்துக் கொள்வர். ஒருவர் நகரும்போது மற்றவர் கயிற்றைப் பாறையில் சுற்றிப் பிடித்திருப்பார். விடியுமுன் புறப்பட்டு, பிற்பகல் இடிமழைக்குமுன் இறங்கிவிடுவதே முறை.

அன்று ஏறியவர் எழுவர். தலைமை தாங்கியவர் ஆங்கிலேயரான எட்வர்ட் விம்பர். உச்சியில் ஒரு மணி நேரம் களித்திருந்துவிட்டு இறங்கத் தொடங்கினர். குழுவில் அனுபவம் மிகக் குறைந்தவர் ஹாடோ என்னும் இளைஞர். வழிகாட்டி குரோஸ் தம் கோடரியை ஒருபுறம் வைத்துவிட்டு, அவருடைய பாதங்களை ஒவ்வொன்றாகப் பற்றிப் பாறையில் ஊன்றச் செய்துகொண்டிருந்தார். குரோஸ் திரும்பிய கணத்தில் ஹாடோ வழுக்கி அவர்மேல் விழுந்தார். அவர்களோடு பிணைக்கப்பட்டிருந்த ஹட்சன் என்ற ஆங்கிலிக்கன் குருவும் டக்ளஸ் பிரபுவும் இழுபட்டனர். அடுத்த கணம் கயிறு அறுந்தது. நால்வர் மாண்டனர், மூவர் பிழைத்தனர். உறுதியான கயிறு கைவசம் இருந்தும், அந்த இடத்தில் மெலிந்த கயிறே கட்டப்பட்டிருந்ததாம்! அறுந்த கயிற்றை இன்றும் செர்மாட் அருங்காட்சியகத்தில் காணலாம்.

இதைக் கேட்டுப் பெண்கள் அஞ்சி ஒதுங்கினார்களா? இல்லை. 1871-ல் லூசி வாக்கர், தம் தந்தையுடனும் தேர்ந்த வழிகாட்டியுடனும் சென்று உச்சியை அடைந்த முதல் பெண்மணி ஆனார்.

சிகரத்தின் முகட்டில் இன்று ஓர் இரும்புச் சிலுவை நிற்கிறது. அங்கே சேர்ந்தவர் பாதி வழியையே கடந்தவர். பத்திரமாக இறங்கினால்தான் பயணம் நிறைவுறும்.

மாணவியராகிய நாமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவர்களே. முதல் மதிப்பெண் பெற்றதும் நம் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. பின்தங்கிய தோழியோடு நம்மைப் பிணைக்கும் கயிறு உறுதியானதுதானா என்று பார்ப்போம். குரோசைப்போல் குனிந்து, அவள் பாதத்தை நல்ல பாறையில் ஊன்றச் செய்வோம்.