பழைய சர்வே எண்ணுக்குள் இன்றைய உட்பிரிவுகள்: வக்ஃபு நிலத்தைக் கணினி வரைபடத்தில் தேடுவது எப்படி?



மையவாடியை ஒட்டிய நம் வக்ஃபு நிலம் கெஜட்டில் ஒரே சர்வே எண், ஏக்கர் சென்ட் கணக்கு. இன்றைய பட்டாக்களில் அதே இடம் பல உட்பிரிவுகள், ஹெக்டேர் ஏர் கணக்கு. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். பணியிலும், பிறகு நடந்த உட்பிரிவுகளிலும் புலங்கள் துண்டுபட்டன. சில கிராமங்களில் எண்ணே மாறிவிட்டது. 2025 ஜூனில் தொடங்கிய உமீத் தளத்தில் சொத்து விவரம் ஏற்றும் வேலை வந்தபோதுதான், எந்த உட்பிரிவு நம்முடையது என்று உறுதியாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்தது.

"கணினியில் போட்டால் தெரிந்துவிடாதா?" என்று பலரும் கேட்டார்கள். போட்டோம். முதலில் வந்த விடை தவறு.

கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் பழைய புலப்படத்தை ஸ்கேன் செய்து, தரையில் இன்னும் நிற்கும் சர்வே கற்களை வைத்து அதன் இடத்தில் பொருத்தினோம். அது ஓர் அடுக்கு. இன்றைய உட்பிரிவுகள் இன்னோர் அடுக்கு. பிறகு, பழைய புலத்தைத் தொடும் உட்பிரிவு எவை என்று கேட்டோம். பக்கத்து வீட்டுக்காரர்களின் மனைகளும் பட்டியலில் வந்துவிட்டன! வேலி பொதுவாக இருந்தாலே மென்பொருளுக்கு அது 'தொடுவது'தான். அந்தப் பட்டியலை அப்படியே பள்ளிவாசல் பலகையில் ஒட்டியிருந்தால், ஒரு பாவமும் அறியாத குடும்பங்களை ஆக்கிரமிப்பாளர் என்று சொன்னதாகியிருக்கும்.

சரி, 'முழுவதும் உள்ளே இருப்பவை' என்று கேள்வியை மாற்றினோம். இப்போது நம் நிலத்தின் ஓரத் துண்டுகளே விடுபட்டன. பழைய படம் 66 அடிச் சங்கிலி போட்டு அளந்தது. காகிதம் சுருங்கியிருக்கும், நாம் பொருத்தியதிலும் பிசகு இருக்கும். ஒரு கோடு அரை மீட்டர் வெளியே போனாலும் 'முழுவதும் உள்ளே' என்பது பொய்யாகிவிடுகிறது.

பலன் தந்தது வேறு வழி. ஒவ்வோர் உட்பிரிவுக்குள்ளும் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி பழைய புலத்துக்குள் விழுகிறதா என்று பார்ப்பது. இதிலும் ஒரு கவனம் வேண்டும். 'ட' வடிவ மனைக்கு நடுப்புள்ளி எடுத்தால் அது மனைக்கு வெளியே, அடுத்தவர் நிலத்தில் போய் விழலாம். ஆகவே நடுப்புள்ளி வேண்டாம். உருவத்துக்குள்ளேயே விழும் புள்ளியைத் தரும் கருவி தனியாக இருக்கிறது, அதையே எடுக்க வேண்டும். அதன்பின் இரண்டு அடுக்கையும் வெட்டி, உட்பிரிவின் பரப்பில் எவ்வளவு பங்கு உள்ளே இருக்கிறது என்று கணக்கிட்டோம். ஏறக்குறைய முழுதும் உள்ளே என்றால் நம் எண்ணைச் சேர்ந்தது. ஓரத்தில் மெல்லிய கீற்று மட்டும் என்றால் கோட்டுப் பிசகு. பாதிக்குப் பாதி வருவதைக் கணினி தீர்க்காது. அங்கே சர்வேயர் வந்து அளக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், ஓர் உட்பிரிவு மற்றொன்றின் நடுவே தீவு போல இருப்பது. தோப்பின் நடுவே தர்கா இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தோப்பின் உருவத்தில் அந்த இடத்தை ஓட்டையாக வெட்டாமல் வரைந்திருந்தால், தர்காவின் பரப்பு இருமுறை கணக்கில் ஏறும். இதைப் பிடிக்க எளிய வழி கூட்டல்தான். 3 ஏக்கர் 20 சென்ட் என்றால் சுமார் 1 ஹெக்டேர் 29.5 ஏர். உட்பிரிவுகளின் கூட்டுத்தொகை அதற்கு ஒத்துவராவிட்டால் வரைபடத்தில் ஏதோ தவறு.

படம் உரிமைப் பத்திரம் ஆகாது. எந்தப் பத்திரத்தைத் தேட வேண்டும் என்று மட்டுமே அது காட்டும். பழைய புலத்துக்குள் ஒரு வீடு தெரிவதாலேயே அவர் வக்ஃபு நிலத்தில் இருக்கிறார் என்று யாரும் பேசித் திரிய வேண்டாம். நாம் இன்னும் எவர் பெயரையும் வெளியிடவில்லை.

மையவாடித் தெருவிலும் அதன் பின்பக்கமும் இருப்பவர்கள், மாற்று மதச் சகோதரர்கள் உட்பட, தங்கள் பட்டா, கிரயப் பத்திரம், பழைய வாடகை ரசீது ஆகியவற்றின் நகல்களை டிரஸ்ட் அலுவலகத்துக்குக் கொண்டு வந்தால், உங்கள் உட்பிரிவைத் திரையில் நீங்களே பார்க்கலாம். அசல் வேண்டாம், நகல் போதும். நாம் வரைந்த கோடு தவறு என்று பட்டால் அங்கேயே சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், உங்களோடு வந்து கல்லைப் பார்த்துத் திருத்துகிறோம்.