சிறையிலே மன்னர்கள் படித்த நூல்கள்



புரட்சியைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் வீதிகளைப் பற்றியே பேசுகின்றோம். பாணுக்காக வரிசையில் நின்ற பெண்கள், கொடி பிடித்த தொழிலாளர், துப்பாக்கியைத் தாழ்த்திய போர்வீரர் ஆகியோரே நம் கண்முன் வருவர். அரண்மனைக்குள் இருந்தவர் அந்நாட்களில் எவ்வாறு வாழ்ந்தார், யாருடைய சொல்லைக் கேட்டார், என்ன படித்தார் என்று நாம் அதிகம் கேட்பதில்லை. இலக்கியத்தை ஆராயும் இத்தொடரிலே அந்தக் கேள்வியை எழுப்புவது பொருத்தமுடையது என எண்ணுகின்றேன். இங்கிலாந்தின் முதலாம் சார்ள்ஸ், பிரான்சின் பதினாறாம் லூயி, ரஷ்யாவின் இரண்டாம் நிக்கலஸ் ஆகிய மூவரும் புரட்சியால் முடியையும் உயிரையும் இழந்தவர்கள். மூவரும் தம் சிறைநாட்களிலே நூல்களை நாடினார்கள் என்பதும் குறிப்பிடத்தக்கது.

முதலில் சார்ள்ஸை நோக்குவோம். 1642 இல் பாராளுமன்றத்துடன் போரில் இறங்கித் தோற்ற அவர், 1647 இன் இறுதியில் வைற் தீவிலுள்ள கரிஸ்புறூக் கோட்டையிலே காவலில் வைக்கப்பட்டார். 1649 சனவரி 30 ஆம் திகதி இலண்டனிலே அவரது தலை வெட்டப்பட்டது. அவரிடமிருந்த நூல்களில் ஒன்று, 1632 இல் வெளிவந்த சேக்ஸ்பியர் நாடகத் தொகுதியின் இரண்டாம் பதிப்பு. அந்தப் பிரதி இன்றும் பிரித்தானிய அரச குடும்பத்தின் நூலகத்திலே உள்ளது. இன்பியல் நாடகங்கள் சிலவற்றின் பெயர்களுக்கு அருகே, தம் மனங்கவர்ந்த பாத்திரங்களின் பெயர்களை மன்னர் கைப்பட எழுதியிருக்கின்றார். ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்திற்கு நேரே அவர் எழுதிய பெயர் மல்வோலியோ. தன் எசமாட்டி தன்னைக் காதலிக்கிறாள் என்று நம்பி ஏமாந்து, ஈற்றில் பைத்தியக்காரன் என இருட்டறையிலே பூட்டப்படும் காரியஸ்தன் அவன்.

சார்ள்ஸின் இந்தச் சேக்ஸ்பியர் ஈடுபாட்டை எள்ளி நகையாடியவர் சாதாரண மனிதரல்லர். ‘இழந்த சுவர்க்கம்’ பாடிய மில்ரனே அவர். புதிய ஆட்சியிலே பிறமொழிச் செயலாளராகப் பணியாற்றிய மில்ரன், 1649 இல் எழுதிய நூலொன்றிலே, சேக்ஸ்பியர் படைத்த மூன்றாம் ரிச்சர்ட் என்னும் கொடுங்கோலனும் பக்தி மொழி பேசத்தான் செய்கின்றான் எனச் சுட்டிக்காட்டினார். இலக்கியத்தை விரும்புகின்ற ஆட்சியாளர் எல்லோரும் நல்லாட்சி செய்பவர் ஆகிவிடமாட்டார் என்ற இந்த எச்சரிக்கையை நாம் மனங்கொள்ள வேண்டும்.

அடுத்தவர் பதினாறாம் லூயி. 1789 யூலை 14 ஆம் திகதி பஸ்ரில் சிறை வீழ்ந்தது. அன்றைய நாட்குறிப்பிலே மன்னர் எழுதியது, ஒன்றுமில்லை என்று பொருள்படும் ஒற்றைச் சொல் மட்டுமே. அது பெரும்பாலும் வேட்டையைப் பதிவதற்கான குறிப்பேடு. அன்று வேட்டை இல்லை என்பதே அதன் கருத்து. ஆயினும், மன்னருடைய நாட்குறிப்புக்கும் மக்களுடைய நாளுக்கும் இடையே இருந்த தூரத்தை அச்சொல் காட்டிவிடுகின்றது.

லூயி படிப்பறிவு இல்லாதவர் அல்லர். ஆங்கிலம் தெரிந்தவர், வரலாறும் புவியியலும் அவருக்கு விருப்பமான துறைகள். ஹியூம் எழுதிய இங்கிலாந்து வரலாற்றை அவர் நன்கு அறிந்திருந்தார். சார்ள்ஸ் மன்னர் தம் மக்கள்மீது போர் தொடுத்ததாலேயே அழிந்தார் என்ற பாடத்தை அவர் அதிலிருந்து பெற்றார் என வரலாற்றாசிரியர் கூறுவர். எனவே போரைத் தவிர்த்தார். ஆனால் மக்களோடு உளமார இணங்கவும் இல்லை. 1791 யூன் மாதத்திலே குடும்பத்துடன் மாறுவேடத்தில் தப்பியோடி, வரென் என்னும் சிற்றூரிலே பிடிபட்டார். மக்கள் அவர்மீது வைத்திருந்த நம்பிக்கை பெரும்பாலும் அன்றோடு போயிற்று. பின்னர் ரெம்பிள் சிறையிலே தம் மகனுக்குத் தாமே ஆசிரியராக இருந்து பாடஞ் சொல்லிக்கொடுத்தார். மரண தண்டனை உறுதியானதும், சார்ள்ஸின் மரணத்தைக் கூறும் ஹியூமின் பகுதியைத் தேடித்தருமாறு கேட்டார் என்று அவருடைய பணியாளர் கிளேரி எழுதியுள்ளார். 1793 சனவரி 21 ஆம் திகதி லூயி கில்லற்றினுக்குப் பலியானார்.

லூயிக்காக வழக்காட முன்வந்தவர்களுள் மல்ஷேர்ப் என்ற முதியவரை இலக்கிய நெஞ்சங்கள் மறக்கலாகாது. முன்னர் அவர் நூல்களைத் தணிக்கை செய்யும் அரச பதவியிலே இருந்தவர். ஆனாலும் டிடரோவின் கலைக்களஞ்சியம் தடைக்குள்ளானபோது, அதன் கையெழுத்துப் பிரதிகளைத் தம் வீட்டிலேயே ஒளித்துவைத்துக் காத்தார். அதிகாரம் எழுத்தைத் துரத்தியபோது எழுத்தின் பக்கம் நின்ற அவர், கூட்டம் மன்னரைத் துரத்தியபோது மன்னரின் பக்கம் நின்றார். 1794 ஏப்ரிலிலே அவரும் அவருடைய மகளும் பேர்த்தியும் கில்லற்றினுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அதே ஆண்டு யூலையில் ரொபெஸ்பியரும் அதே கத்திக்கு இரையானார்.

மூன்றாமவர் நிக்கலஸ். அவரைத் தமிழ் வாசகர் ஏற்கெனவே பாரதியின் வாயிலாக அறிவர். 1917 இல் ஜார் மன்னன் வீழ்ந்ததைப் பாடிய ‘புதிய ருஷியா’விலே பாரதி அவனை இரணியனுக்கு ஒப்பிடுகின்றார். உயர்தர வகுப்பிலே அப்பாடலைக் கற்பிக்கும்போது, இந்த உவமை மிகையா என்று மாணவர் கேட்பதுண்டு. மிகையல்ல என்றே நான் விடை கூறுவேன். 1905 சனவரி 22 ஆம் திகதி, புனித படங்களையும் ஜாரின் உருவப்படங்களையும் ஏந்திக்கொண்டு மனுக்கொடுக்க வந்த தொழிலாளர்மீது அவருடைய படை சுட்டது. நிக்கலஸ் அன்று தலைநகரில் இருக்கவில்லை. நாட்குறிப்பிலே அவர் வருந்தித்தான் எழுதினார். ஆனால் அதே பக்கத்திலே தாயார் வந்ததும், தம்பியுடன் உலாவியதும் அடுத்தடுத்துப் பதிவாகியுள்ளன.

அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர், 1902 சனவரியிலே, கிரிமியாவில் நோயுற்றிருந்த டால்ஸ்டாய் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். சக்கரவர்த்தி என்று விளிக்காமல் சகோதரரே என விளித்த கடிதம் அது. தனியொருவர் ஆளும் முறை காலாவதியாகிவிட்டது, வீதியோரத்திலே உங்களை வாழ்த்தும் கூட்டத்தை மக்களின் அன்பென நம்பிவிடாதீர்கள், உழுபவனுக்கு நிலம் கிடைக்க வழிசெய்யுங்கள் என்ற கருத்துகளை அவர் அதிலே வெளிப்படையாகக் கூறினார். அக்கடிதத்தால் ஆட்சிமுறை மாறவில்லை.

1917 மார்ச்சிலே பெற்றோகிராட்டில் பெண்கள் பாண் கேட்டு வீதிக்கு வந்தபோது நிக்கலஸ் போர்முனைத் தலைமையகத்தில் இருந்தார். நிலைமையை எச்சரித்து வந்த தந்தியை அவர் பொருட்படுத்தவில்லை. மார்ச் 15 ஆம் திகதி, ஸ்கோவ் நகரிலே நின்ற புகையிரதப் பெட்டியொன்றினுள், 304 ஆண்டுகள் ஆண்ட வம்சத்தின் முடியைத் துறந்தார். ஒன்றுவிட்ட சகோதரரான பிரித்தானிய மன்னர் ஐந்தாம் ஜோர்ஜின் நாட்டிலிருந்து வந்த அடைக்கல அழைப்பும், அம்மன்னரின் தயக்கத்தாலேயே கைவிடப்பட்டது.

காவலில் இருந்த நிக்கலஸ் பனியை அள்ளினார், விறகு அரிந்தார், மரக்கறித் தோட்டம் போட்டார், மகனுக்கு வரலாறு கற்பித்தார். மாலை வேளைகளில் கொனன் டொயிலையும் டூமாவையும் குடும்பத்தினருக்கு உரக்க வாசித்தார். டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலை அவர் முதன்முறையாகப் படித்ததும் இந்தக் காவல் காலத்திலேதான். உயரத்தில் இருப்பவன் வரலாற்றை நடத்துவதில்லை, மற்றெல்லோரையும்விட அவனே அதற்குக் கட்டுண்டவன் என்று வாதிடும் நாவல் அது. சகோதரரே என்று எழுதியவரின் குரல், கேட்டும் பயனில்லாத வேளையில், ஒரு கைதியின் காதுக்கு எட்டியது.

1918 யூலை 16 ஆம் திகதி நள்ளிரவு கடந்தபின், யெக்கத்தரின்பேர்க் நகரிலே ஒரு வீட்டின் நிலவறையில் நிக்கலஸும் மனைவியும் நான்கு புதல்வியரும் பதின்மூன்று வயது மகன் அலெக்சியும், உடனிருந்த மருத்துவரும் மூன்று பணியாளரும் சுட்டுக்கொல்லப்பட்டனர். சார்ள்ஸுக்கும் லூயிக்கும் விசாரணையேனும் நடந்தது. நிக்கலஸையும் பகிரங்கமாக விசாரிக்க வேண்டுமென்று ட்ரொட்ஸ்கி விரும்பினார், அது நடக்கவில்லை. மன்னரின் மரணத்தை மட்டும் அறிவித்த ஆட்சி, குடும்பத்தினர் பாதுகாப்பாக இருப்பதாகப் பொய்யும் கூறியது.

இங்கே நமக்கு இரண்டு சோதனைகள் உள்ளன. தோட்டம் போட்ட தந்தையை நினைத்து 1905 இல் வீதியிலே வீழ்ந்தவர்களை மறந்துவிடலாம். அல்லது அவர்களை நினைத்து நிலவறையிலே நின்ற சிறுவனின் மரணத்தை நியாயப்படுத்திவிடலாம். இரண்டும் தவறு என்பதே என் கருத்து. பாரதியின் சினம் நீதியானது. அச்சினம் கொடுங்கோன்மையின்மீது பாய்ந்தது. குழந்தையின்மீது பாயுமாறு அது எவருக்கும் உரிமை கொடுக்கவில்லை.

எதிரே நிற்பவனையும் மனிதன் எனக் காணும் பழக்கத்தையே நல்ல இலக்கியம் நமக்குத் தருகின்றது. சிங்காசனத்தில் இருப்பவருக்கு அது வேண்டும். சிங்காசனத்தைக் கவிழ்ப்பவருக்கும் அது வேண்டும். மன்னர் மூவரும் அதை நாடிய காலம் பிந்திவிட்டது. கையிலே அதிகாரம் இருக்கும்போதே அதை நாடுவதுதான் பயன் தரும்.