தஞ்சாவூர் பக்கத்துக்கு எத்தனை வருகை?

தமிழ் விக்கிப்பீடியாவில் தஞ்சாவூரைப் பற்றிய கட்டுரை முழுப் பக்கமாக எங்கும் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை. உரை தரவுத்தளத்தில் ஓரிடம், படங்கள் ஓரிடம், வார்ப்புருக்கள் ஓரிடம். கேட்கும்போது மீடியாவிக்கி மென்பொருள் அவற்றைக் கோத்துப் பக்கமாக்குகிறது. இப்படி இயங்கும் தளங்களை டைனமிக் தளங்கள் என்பார்கள்.

பக்கம் உருவாகும்போதெல்லாம் ஒன்றைக் கூட்டினால் வருகைக் கணக்கு வந்துவிடும் என்று தோன்றும். மீடியாவிக்கியிலும் அப்படியொரு எண்ணி இருந்தது. ஆனால் வருகிற ஒவ்வொருவருக்கும் புதிதாகக் கோத்துக் கொடுத்தால் சர்வர்கள் தாங்கா. அதனால் ஒருமுறை உருவான பக்கத்தின் நகலை முன்னால் நிற்கும் கேஷ் சர்வர்களில் வைத்து, அடுத்து வருவோருக்கு அதையே தருகிறார்கள். பெரும்பாலோர் வந்துபோனது மீடியாவிக்கிக்குத் தெரியவே தெரியாது. பயனற்றுப்போன அந்த எண்ணியை 2015இல் வந்த 1.25 பதிப்பில் நீக்கிவிட்டார்கள்.

கல்லணையிலிருந்து எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதை மதகில் அளப்பார்களே தவிர, வயல்வயலாகப் போய் அல்ல. இங்கும் எண்ணும் இடம் கேஷ் சர்வர்தான். ஒவ்வொரு கோரிக்கையும் அதன் பதிவில் ஒரு வரி: நேரம், முகவரி, கேட்ட உலாவி. தமிழ் முகவரி அங்கே தமிழாகத் தெரியாது. யுனிகோடில் ‘தஞ்சாவூர்’ 9 குறிகள். குறிக்கு 3 பைட், பைட்டுக்கு 3 எழுத்து என விரிந்து, ஊர்ப்பெயர் 81 எழுத்து நீளத்துக்கு நிற்கும்.

பிறகு கழித்தல். படங்களுக்கான கோரிக்கைகள் போகும். தேடுபொறி அனுப்பும் நிரல்கள் தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே வருவதால் பிரிப்பது எளிது. மனிதர்போல் வேடமிட்டு வருபவற்றை நடத்தையை வைத்து 2020 முதல் தனியே பிரிக்கிறார்கள். மிஞ்சுவது பயனர் பார்வை.

அதுவும் ஆட்களின் எண்ணிக்கை ஆகாது. காலையிலும் மாலையிலும் ஒருவரே திறந்தால் இரண்டு. எத்தனை கருவிகள் வந்தன என்று மதிப்பிட, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா 2016இல் வெளியிட்ட முறையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆளுக்கொரு எண் ஒட்டாமல், கடைசியாக வந்த தேதியை மட்டும் உலாவியில் குறித்துவைத்துக் கணக்கிடும் முறை அது. வாசகரைப் பின்தொடராமலே வாசிப்பை எண்ணலாம் என்பதை விளம்பரத்துக்காக ஆளைத் துரத்தும் தளங்களும் கற்றுக்கொள்ள வேண்டும்.

2015 ஜூலையிலிருந்து நாள்வாரிக் கணக்கு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. உங்கள் ஊர்க் கட்டுரையின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். ‘தஞ்சை’ போன்ற மாற்றுப் பெயர்களில் வழிமாற்றுப் பக்கம் இருந்தால் அதையும் சேர்த்துக் கூட்டுங்கள். அவற்றின் பார்வைகள் தனியாகவே எண்ணப்படுகின்றன.