சப்வூஃபர் அதிருது, பாட்டு எங்கே போச்சு?

போன தீபாவளிக்கு முன்பு என் மைவியில் 1,200 ரிங்கிட் செலவழித்து, முன்கதவுகளுக்குப் புது ஸ்பீக்கர்களும் இருக்கைக்கு அடியில் ஒரு சப்வூஃபரும் பொருத்தினேன். கிள்ளானிலிருந்து சுங்கை சிப்புட்டுக்குப் பயணம். தஞ்சோங் மாலிம் தாண்டியதும் பின்னால் இருந்த அம்மா, “ஏம்பா, உறுமி மேளம்தான் கேட்குது, பாட்டு எங்க?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது சரிதான். பாடகரின் குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்தது.

இன்னும் பெரிய ஸ்பீக்கர் வாங்கலாமா என்றுதான் முதலில் தோன்றியது. நம் பிள்ளைகள் பலர் இப்படித்தான் மாதத் தவணையில் மாட்டிக்கொள்கிறார்கள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு காசு செலவில்லாமல் அது சரியானது.

முதலில் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பேஸ், டிரெபிள், ஈக்குவலைசர் எல்லாம் 0. லவுட்னஸ், பேஸ் பூஸ்ட் இரண்டும் அணைந்திருக்க வேண்டும். பேலன்ஸும் ஃபேடரும் நடுவில். சத்தமில்லாத இடத்தில் காரை நிறுத்தி, உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டைப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் பத்துக் கைமாறி வந்த பாட்டு இதற்கு உதவாது.

அடுத்ததுதான் முக்கியம். சப்வூஃபரை அணைத்துவிட்டு, பேலன்ஸை முழுக்க இடப்பக்கம், பிறகு வலப்பக்கம், பிறகு நடுவில் வைத்துக் கேளுங்கள். நடுவில் வைக்கும்போதுதான் பேஸ் நன்றாக வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பாடும்போது கனமாகவும், இரண்டும் சேர்ந்து பாடும்போது மெலிந்தும் கேட்டால், ஏதோ ஒரு ஸ்பீக்கரில் பாசிட்டிவ், நெகட்டிவ் கம்பிகள் மாறியிருக்கலாம். ஒன்று வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். பேஸ் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். என் இடப்பக்கக் கதவில் நடந்தது இதுவே. பேஸ் குறைகிறதே என்று பொருத்தியவர் சப்வூஃபரை உச்சத்துக்கு ஏற்றிவிட்டிருக்கிறார். கம்பியை மாற்றியதும் பாதி வேலை முடிந்தது.

பிறகு கிராஸ்ஓவர். கதவில் இருக்கும் ஆறரை அங்குல ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான அடிநாதம் பெரிய சுமை. ரேடியோவில் ஹை பாஸ் என்பதை 80-இல் வையுங்கள். சப்வூஃபருக்கு லோ பாஸையும் ஏறக்குறைய 80-இல் வையுங்கள். லோ பாஸை 150-க்கு ஏற்றினால் ஆண் குரலின் அடிப்பகுதியும் சப்வூஃபருக்குள் போய், குடத்துக்குள் தலையை விட்டுப் பாடுவதுபோல் ஆகிவிடும்.

கெயின் திருகாணியை வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருகுகிறவர்கள் அதிகம். அளவு மீறினால் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டு, வாய்ஸ் காயில் சூடேறிக் கருகும். கெயினை அடியில் வைத்துவிட்டு, ரேடியோவை முக்கால் வால்யூமுக்குக் கொண்டுபோய், மெல்ல ஏற்றுங்கள். கரகரத்தால் உடனே பின்வாங்குங்கள். அதற்கு முன்பே பேஸ் பாட்டோடு ஒட்டிவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். சப்வூஃபர் எங்கே இருக்கிறது என்று காது கண்டுபிடித்துவிட்டால், அது அதிகம்.

ஈக்குவலைசரை ஆகக் கடைசியில்தான் தொட வேண்டும். அதையும் கூட்டுவதைவிடக் குறைப்பதே நல்லது. 3 டெசிபல் கூட்டினாலே ஆம்ப்ளிஃபையர் அந்த இடத்தில் இரட்டிப்பு சக்தி தர வேண்டும். 6 என்றால் நான்கு மடங்கு. குரல் மந்தமாக இருந்தால் 250 ஹெர்ட்ஸ் பக்கம் 2, 3 டெசிபல் இறக்குங்கள். காதைக் குத்தினால் 3,000 பக்கம். ‘ஸ’ எழுத்து சீறினால் 6,000-லிருந்து 8,000 வரை.

நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதால், வலது ஸ்பீக்கரின் ஒலி முந்திக்கொண்டு வரும். உங்கள் ரேடியோவில் டைம் அலைன்மென்ட் இருந்தால் அளவுநாடாவை எடுத்து, தலையிலிருந்து இரு ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். ஒலி 1 மில்லி வினாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். வித்தியாசம் 50 சென்டிமீட்டர் என்றால் வலது ஸ்பீக்கரை ஏறக்குறைய 1.5 மில்லி வினாடி தாமதப்படுத்த வேண்டும். குரல் டேஷ்போர்டின் நடுவுக்கு வந்து நிற்கும். ஆனால் இது ஓட்டுநருக்கு மட்டுமே சுகம். அம்மா ஏறும் நாளில் நான் அதை அணைத்துவிடுவேன்.

நெடுஞ்சாலையில் டயர் இரைச்சல் பேஸை விழுங்கும் என்பதால், சப்வூஃபரைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். பின்னால் வரும் ஆம்புலன்ஸ் சைரன் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான். இத்தனைக்குப் பிறகும் ஏதாவது கடகடத்தால் ஸ்பீக்கரைத் திட்டாதீர்கள். கதவுப் பையில் கிடக்கும் சில்லறையையும் பின்பக்க நம்பர் பிளேட்டையும் பாருங்கள். என் பிளேட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு பஞ்சு நாடா ஒட்டியிருக்கிறேன்.