"சர்வர் மெயின்டனன்ஸ்" என்று கைவிரிக்கும் ஆன்லைன் கேம்கள்: ஆடுகிறவர்கள் கொதிப்பது ஏன்?

பட்டறை வேலை, கம்பெனி ஷிப்ட் எல்லாம் முடிந்து, ராத்திரி ஒரு மணி நேரம் கேம் ஆடலாம் என்று செல்போனை எடுத்தால், 'சர்வர் மெயின்டனன்ஸ் நடக்கிறது, பிறகு வரவும்' என்று திரையில் வந்து நிற்கிறது. காசு கட்டி 'பாஸ்' வாங்கியவருக்கும் அதே பதில்தான், ஓசியில் ஆடுகிறவருக்கும் அதே பதில்தான். வீட்டில் பையன் போனை தூக்கி எறிகிறான், அப்பா அம்மாவுக்கு என்ன நடந்தது என்றே புரிவதில்லை.

உண்மையில் அந்த நேரத்தில் கம்பெனிக்காரர்கள் என்னதான் செய்கிறார்கள்?

ஸ்டாக் எடுப்பது மாதிரி

ஆன்லைன் கேம் முழுசாக நம்ம போனுக்குள் இல்லை. யார் எந்த லெவல், யாரிடம் எத்தனை காயின், யார் யாரை சுட்டார் என்ற கணக்கு எல்லாம் கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. அதைத்தான் சர்வர் என்கிறார்கள்.

ஜவுளிக்கடையில் ஸ்டாக் எடுக்கும்போது ஷட்டரை இறக்கிவிடுவார்கள். ஒரு பக்கம் எண்ணிக்கொண்டே மறுபக்கம் வியாபாரம் செய்தால் கணக்கு உதைக்கும். சர்வரிலும் அதே கதைதான். புது மேப், புது துப்பாக்கி சேர்க்கும்போதும், பழுது பார்க்கும்போதும் ஆட்கள் உள்ளே இருந்தால் ஒருவர் காயின் காணாமல் போகும், இன்னொருவருக்கு ஒன்று இரண்டாகிவிடும். அதனால்தான் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு வேலை பார்க்கிறார்கள். சில வேலைகளை ஆட்டம் நடக்கும்போதே முடிக்கலாம். பெரிய வேலைக்கு ஷட்டர் இறக்கித்தான் ஆகவேண்டும்.

அவர்களுக்கு காலை, நமக்கு ராத்திரி

கூட்டம் குறைவான நேரமாக பார்த்துத்தான் நிறுத்துகிறார்கள். ஆனால் யாருக்கு கூட்டம் குறைவு என்பதில்தான் சிக்கல். 2004-ல் வந்த 'வேர்ல்டு ஆப் வார்கிராப்ட்' கேமுக்கு அமெரிக்க சர்வர்களில் செவ்வாய்க்கிழமைதான் பராமரிப்பு நாள். அமெரிக்காவின் மேற்கு கரையில் காலை 7 மணி என்றால் நமக்கு கோடையில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. அந்த சர்வரில் இங்கிருந்து ஆடுகிறவருக்கு ராத்திரி ஆட்டம் கோவிந்தாதான்.

வேலை முடிந்து திறந்ததும் தியேட்டர் கேட் திறந்தது போல ஒரே நேரத்தில் எல்லோரும் முண்டியடிப்பார்கள். அதிலேயே சர்வர் மறுபடி படுத்துவிடுவதும் உண்டு. 2012 மே 15-ந் தேதி 'டியாப்லோ 3' கேம் வெளியானபோது, காசு கொடுத்து வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல் 'எரர் 37' என்ற எழுத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தனி ஆளாக ஆடவும் சர்வர் தயவு வேண்டும் என்று வைத்திருந்ததால் கோபம் இரண்டு மடங்கானது.

சொல்லாமல் மறைத்தால்?

'நாளை மின்தடை' என்று நேரம் போட்டு மின்வாரியம் அறிவித்துவிட்டால், நாம் மாவு ஆட்டுவதை, மோட்டார் போடுவதை முன்னாடியே முடித்துவிடுகிறோம். சொல்லாமல் கொள்ளாமல் போனால்தான் ஆத்திரம் வரும். கேமிலும் அதேதான். ஆடுகிறவர்கள் கொதிப்பது பெரும்பாலும் பராமரிப்புக்காக அல்ல. எப்போது வரும், என்ன ஆச்சு என்று சொல்லாததற்குத்தான்.

இதற்கு பெரிய உதாரணம் சோனி. 2011 ஏப்ரல் 20-ந் தேதி பிளேஸ்டேஷன் நெட்வொர்க் நிறுத்தப்பட்டது. ஹேக்கர்கள் உள்ளே புகுந்து, சுமார் 7 கோடியே 70 லட்சம் கணக்குகளின் விவரங்கள் பறிபோன விஷயத்தை 26-ந் தேதிதான் வெளியே சொன்னார்கள். மே 14-ந் தேதிக்கு பிறகே படிப்படியாக திறந்தது. இலவச கேம்கள் கொடுத்து சமாதானம் செய்தும் கெட்ட பெயர் போகவில்லை. 2013-ல் இங்கிலாந்து அதிகாரிகள் 2½ லட்சம் பவுண்டு அபராதம் போட்டார்கள்.

சிறுவர்கள் ஆடும் ரோப்லாக்ஸ் 2021 அக்டோபர் 28-ந் தேதி படுத்து, 73 மணி நேரம் எழுந்திருக்கவில்லை. ஓட்டல் ஒன்று அந்த கேமுக்குள் நடத்திய இலவச சாப்பாட்டு கூப்பன் திட்டத்தால்தான் என்று வதந்தி பரவியது. கம்பெனி அதை மறுத்தது. சர்வர்கள் ஒன்றை ஒன்று கண்டுபிடிக்கும் உள் ஏற்பாடே சுமை தாங்காமல் திணறிவிட்டது என்று பிறகு விளக்கமாக எழுதியது.

போன நாளுக்கு காசு?

மாத பாஸ் வாங்கியவருக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போன மாதிரிதான். 2025 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் சுமார் ஒரு நாள் படுத்தபோது, சந்தா கட்டியவர்களுக்கு சோனி 5 நாள் சேர்த்துக் கொடுத்தது. சில கம்பெனிகள் காயின், டைமண்டு கொடுத்து முடித்துக்கொள்கின்றன. ஆனால் இதெல்லாம் அவர்களாக பார்த்து கொடுப்பது. நாம் 'ஓகே' அழுத்தும் நிபந்தனையிலேயே, சர்வர் நின்றால் பொறுப்பில்லை என்கிற மாதிரி பல கம்பெனிகள் எழுதி வைத்திருக்கின்றன. காயினும் டிரஸ்சும் நம்ம சொத்து மாதிரி தெரிந்தாலும், பல கேம்களில் அது ஆடுவதற்கான அனுமதி மட்டும்தான்.

உஷார்

ஆட்டம் நின்ற நேரம்தான் மோசடி கும்பலுக்கு சீசன். 'இந்த லிங்கில் போனால் சர்வர் திறக்கும்', 'நஷ்ட ஈடாக இலவச டைமண்டு' என்று மெசேஜ் வரும். தொட்டால் கேம் கணக்கு போகும். அப்பாவின் போனில் ஆடும் பிள்ளை ஓடிபி சொல்லிவிட்டால் வங்கியில் இருக்கும் சம்பளமும் போகும்.

எனவே கவனிக்க வேண்டியவை:-

* கேம் நின்றால் முதலில் அந்த கம்பெனியின் அறிவிப்பை பாருங்கள். நேரம் போட்டிருந்தால் காத்திருப்பதுதான் ஒரே வழி.

* கேமை அழித்துவிட்டு மறுபடி ஏற்றாதீர்கள். சர்வர் நின்றதற்கு போனில் மருந்து இல்லை, டேட்டாதான் காலி.

* பிளே ஸ்டோருக்கு வெளியே கிடைக்கும் கேம் பைலை ஏற்றாதீர்கள்.

* பராமரிப்பு அறிவித்த நேரத்துக்கு முன்னால் காசு கட்டி எதையும் வாங்காதீர்கள். பணம் எடுத்து பொருள் வராவிட்டால் ரசீதை பத்திரமாக வையுங்கள்.

* காசு கட்டியும் சேவை கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் பறிபோனால் உடனே 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு பணத்தை தடுத்து நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.