பட்டியலில் வராத எண்ணெய்

கருஞ்சீரக எண்ணெய்க் குப்பியைத் திறந்தால் ஓமமும் மிளகும் கலந்தாற்போல ஒரு கார நெடி. ஒரு டீஸ்பூன் விழுங்கினால் தொண்டை காறும். பிறகு வரும் ஏப்பத்திலும் அதே வாசம்தான். சிலருக்குக் குமட்டல், வயிற்று உப்புசம், மலச்சிக்கல் என்று தொடரும். தொல்லைதான், ஆனால் பெரும்பாலும் நிறுத்தினால் போய்விடும்.

நம்மூருக்குக் கருஞ்சீரகம் புதிதல்ல. வெந்தயம், ஓமத்தோடு அதை வறுத்துப் பொடிக்கச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தி வராத வீடு குறைவு. எண்ணெயின் கணக்கு வேறு. விதையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் எண்ணெய். அப்படியானால் ஒரு டீஸ்பூனுக்குச் சுமார் 15 கிராம் விதை வேண்டும். சமையலில் ஒரு சிட்டிகை தூவுகிற சாமான் அது.

எண்ணெயின் வீரியத்துக்குப் பெரிதும் காரணம் தைமோகுயினோன் என்கிற வேதிப்பொருள். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கருஞ்சீரகம் ஓரளவு குறைப்பதாக மருத்துவ ஆய்வுகள் சில காட்டியிருக்கின்றன. விளம்பரம் சொல்வது பொய் என்றால் காசோடு போகும். உண்மை என்றால்தான் கவனம் தேவை. ஏற்கெனவே கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு, மேலும் ஒன்று சேர்ந்து சர்க்கரையை இறக்கினால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருட்டும்.

அதைவிட நுட்பமான சிக்கல் கல்லீரலில். நாம் விழுங்கும் மருந்துகளைச் சிதைத்து வெளியேற்ற அங்கே நொதிகள் உண்டு. அவற்றில் ஒன்று சிஒய்பி2டி6. கருஞ்சீரகத்தை ஒரு வாரம் உண்ட சில தன்னார்வலர்களுக்கு இருமல் மருந்தான டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபானைக் கொடுத்துப் பார்த்தபோது, இந்த நொதியின் வேலை மந்தப்பட்டிருந்தது. மிகச் சிறிய ஆய்வுதான். ஆனால் ரத்த அழுத்தத்துக்குப் பலர் சாப்பிடும் மெட்டோபிரோலாலைச் சிதைப்பதும் இதே நொதி. அது சுணங்கினால் வழக்கமான ஒரு மாத்திரையே உடம்பில் கூடுதலாகத் தங்கி, நாடித்துடிப்பைக் குறைக்கக்கூடும்.

ரத்தம் உறைவதையும் கருஞ்சீரகம் தாமதப்படுத்தலாம் என்பதால், வார்ஃபரின் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வதும் அதனால்தான். கர்ப்பிணிகள் மருந்தளவில் சாப்பிட வேண்டாம். தோலில் தேய்த்து அரிப்பும் தடிப்பும் வந்தவர்கள் உண்டு. அபூர்வமாகக் கொப்புளமும் கிளம்பியிருக்கிறது. கருஞ்சீரக மாத்திரையைச் சில நாட்கள் உண்ட நீரிழிவு நோயாளி ஒருவருக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததாக மருத்துவ இதழ் ஒன்றில் பதிவு இருக்கிறது. ஒற்றை நிகழ்வை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் கிரியாட்டினின் ஏறியிருப்பவர்கள் அதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

“வேற மருந்து ஏதாவது எடுக்கறீங்களாம்மா?” என்று டாக்டர் கேட்பார். “ஒண்ணும் இல்ல டாக்டர்” என்றுதான் பதில் வரும். பொய் சொல்லும் எண்ணமே கிடையாது. குப்பி இருப்பது மாத்திரை டப்பாவில் இல்லையே, அடுப்படி அலமாரியில், நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில்.