சுந்தரருக்குச் சாட்சி சொன்ன கறுப்பு வெள்ளை போட்டோ

திருநாவலூர் மாப்பிள்ளையின் கல்யாணம் ஓர் ஓலையால் நின்றுபோன கதை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அத்துப்படி. புத்தூர் மணப்பந்தலில் சுந்தரர் முன்னால் வந்து நின்ற கிழவர், 'இவன் எனக்கு அடிமை' என்று ஓலையை நீட்டினார். கோபத்தில் அதைப் பிடுங்கிக் கிழித்தெறிந்தார் சுந்தரர். கிழவர் அசரவில்லை. கிழிந்தது படியோலைதான், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் பத்திரமாக இருக்கிறது என்றார்! அங்கே சபை கூடியது. பாட்டனாரின் கையெழுத்தை, அவர் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னது. வந்தவர் சிவபெருமான் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதே சுந்தரரின் செப்புத் திருமேனி ஒன்றுக்கும் இப்போது மூல ஓலை தேவைப்பட்டிருக்கிறது. அது கிடைத்த இடம் புதுச்சேரி.

திருநாவலூர் இருக்கும் அதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான் வீரசோழபுரமும் இருக்கிறது. அங்குள்ள சிவன் கோயிலில் சுந்தரரும் பரவை நாச்சியாரும் ஒன்றாக நிற்கும் திருமேனி இருந்தது. விஜயநகரக் காலத்தைச் சேர்ந்த, 16-ம் நூற்றாண்டு வேலைப்பாடு. 1956-ல் அந்தக் கோயிலிலேயே அதைப் படம் பிடித்திருக்கிறார்கள். பிறகு எப்படியோ கடல் தாண்டிப் போய்விட்டது. 1987-ல் ஆர்தர் சாக்லர் என்ற சேகரிப்பாளர் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குக் கொடுத்த சுமார் ஆயிரம் கலைப்பொருள்களில் இதுவும் ஒன்று. வாஷிங்டனில் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றார் நம்ம ஊர் மாப்பிள்ளை.

1956-ல் படம் எடுத்தது யார்? அதற்கு முந்தைய வருடம் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு ஊர் ஊராகப் போய், கல் சிற்பம், செப்புத் திருமேனி, கோபுரம் என்று எல்லாவற்றையும் அவர்கள் படமெடுத்து வைத்தார்கள். இன்று அந்தத் தொகுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. அன்றைக்கு ஆராய்ச்சிக்காக எடுத்தது, இன்றைக்குத் திருட்டு வழக்குகளில் முதல் சாட்சி.

ஏலச் சந்தை இயங்கும் விதத்தைப் பார்த்தால் இதன் அருமை புரியும். பழைய கலைப்பொருள் ஏலத்துக்கு வரும்போது பட்டியலில் அழகான படம், காலம், எதிர்பார்க்கும் விலை எல்லாம் இருக்கும். அதோடு, யார் யார் கைமாறி வந்தது என்ற வரலாறும் இருக்கும். ஐரோப்பிய ஓவியர் ஒருவர் மையால் வரைந்த கிரேக்கப் புராணக் காட்சி என்றால், எந்தப் பிரபு வீட்டில் இருந்தது, எந்த வருடம் விற்றது என்றெல்லாம் சொல்ல முடியும். நம் உற்சவரின் வரலாறோ பெரும்பாலும் நியூயார்க் அல்லது லண்டன் வியாபாரி பெயரில்தான் ஆரம்பிக்கும். அதற்கு முன் நூற்றாண்டுக்கணக்கில் பால் அபிஷேகம் கண்ட கதை ஒரு வரிகூட இருக்காது. இருக்கவும் விடமாட்டார்கள். ஊர் பெயர் எழுதினால் விற்க முடியாதே!

அந்த வெற்றிடத்தைத்தான் புதுச்சேரிப் படங்கள் நிரப்புகின்றன. 2022 டிசம்பரில் பாரிஸில் கிறிஸ்டீஸ் நிறுவனத்தின் ஏலத்துக்கு ஒரு நடராஜர் வந்தார். அவர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு கோயிலைச் சேர்ந்தவர் என்று தமிழக சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு ஆதாரத்தோடு சொன்னது. ஏலம் நின்றது. ஆஸ்திரேலியாவிலிருந்து 2014-ல் விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரர் திரும்பி வந்ததற்கும் பழைய படங்கள் உதவின.

ஒப்பிடுவது எப்படி? மெழுகு வார்ப்பில் ஒவ்வொரு அச்சும் ஒருமுறைதான். உருக்கிய உலோகம் ஆறியதும் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். அதனால் ஒன்றைப்போல் அச்சு அசலாக இன்னொன்று அமைவதில்லை. பீடத்தில் ஒரு கீறல், உடைந்த விரல், தேய்ந்த மூக்கு... இவையெல்லாம் சிலையின் கைரேகை. அன்று வெண்ணெய்நல்லூர் சபை கையெழுத்தைப் பார்த்ததுபோல, இங்கே காயத்தைப் பார்க்கிறார்கள்.

வீரசோழபுரம் கோயிலின் சிலைகள் அமெரிக்காவில் இருப்பதாக 2022-லேயே சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு சொல்லியிருந்தது. ஸ்மித்சோனியனின் தேசிய ஆசியக் கலை அருங்காட்சியகமும் தன்னிடமுள்ள சிலைகளைப் புதுச்சேரிப் படங்களோடு வைத்துப் பார்த்தது. 2026 ஜனவரியில் அறிவிப்பு வந்தது: சுந்தரர் - பரவை, மன்னார்குடி வட்டம் ஆலத்தூர் சோமாஸ்கந்தர், திருத்துறைப்பூண்டி வட்டத்து நடராஜர் ஆகிய மூன்றும் இந்தியாவுக்கே சொந்தம். இதில் நடராஜர் மட்டும் நீண்டகாலக் கடனாக அங்கேயே காட்சிக்கு இருப்பார், தன் வரலாற்றோடு சேர்த்து.

ஊர் கோயில் கும்பாபிஷேகத்தில் எடுத்த பழைய ஆல்பம் பரணில் கிடந்தால் ஒருமுறை தூசி தட்டிப் பாருங்கள். உற்சவர் தெளிவாகத் தெரியும் ஒரே படம் அதுவாகவும் இருக்கலாம்.

மீட்கப்படும் திருமேனிகள் எல்லாம் நேராகச் சொந்தக் கோயிலுக்குப் போய்விடுவதில்லை. லண்டனில் வழக்கு நடத்தி 1991-ல் மீட்டு வந்த பத்தூர் நடராஜர், திருவாரூர் சிலைப் பாதுகாப்பு மையத்தில்தான் பல வருடங்கள் இருந்தார். பூட்டும் காவலும் இல்லாத கோயிலில் வைக்கப் பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். திருவாரூர் பரவை நாச்சியாரின் பிறந்த வீடு. ஆனால் 1956-ல் எடுத்த படத்தில் இருவரும் நிற்பது வீரசோழபுரத்தில்.